ஓசாகாவின் ப்ரூஃப் அறை

வண்ணச் சுவரொட்டியோ பத்திரிகை அட்டையோ ஆயிரக்கணக்கில் அச்சாகும் முன், சில பிரதிகளை மட்டும் அடித்து நிறம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஜப்பானில் இந்த ப்ரூஃப் வேலைக்கென்றே தனி அச்சகங்கள் இருந்தன. ஓசாகாவில் இருந்த அப்படியொரு அச்சகம், ப்ரூஃப் அறையைத் தரைக்கடியில் வைத்திருந்தது.

பெரிய அச்சகத்தில் ஒரே வேலை மணிக்கணக்கில் ஓடும். ப்ரூஃப் அறையில் சில தாள்கள் ஓடியதுமே வேலை மாறிவிடும். ஒவ்வொரு முறையும் பிளாங்கெட் எனப்படும் ரப்பர் விரிப்பில் ஒட்டியிருக்கும் மையைத் துடைத்தெடுக்க வேண்டும். கரைப்பானில் நனைத்த துணியோடு மெஷின் மேல் குனிந்து, கையாலேயே துடைப்பார்கள். நாள் முழுக்க இதுதான். வெளிக்காற்று போதிய அளவு வராத அறையில் அந்த ஆவி தங்கிவிடும்.

பழைய கரைப்பான்கள் சில, ஓசோன் படலத்தைக் கெடுக்கின்றன என்று விலக்கப்பட்டுவந்த காலம் அது. இந்த அச்சகத்தில் 1991 முதல் 2006 வரை 1,2-டைக்ளோரோபுரொப்பேன் என்ற கரைப்பான் புழங்கியது. அதில் துடைத்தால் மை சட்டென்று போய்விடும். ஜப்பானின் கரைப்பான் விதிகளில் அதன் பெயரும் இல்லை. பட்டியலில் இல்லாததைப் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு கொடியது என்பது பிறகுதான் தெரிந்தது.

அங்கு வேலை செய்த சிலருக்கு வந்தது பித்தநாளப் புற்றுநோய். அது பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது. கல்லீரலுக்குள் இருக்கும் நாளத்தில் தொடங்கினால் நெடுநாள் வெளியே காட்டிக்கொள்ளாது. கல்லீரலுக்கு வெளியே பெரிய நாளம் அடைபட்டால் கண் மஞ்சளாகும், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போகும், உடம்பு அரிக்கும். நோயாளி தானே மருத்துவரைத் தேடி ஓடுவார். உள்ளே வளரும் கட்டியில் இந்த எச்சரிக்கை பலருக்குக் கடைசியில்தான் வரும். அதுவரை வலது விலாவுக்குக் கீழே மந்தமான வலி, பசியின்மை, எடைக்குறைவு, காரணம் புரியாத களைப்பு, சில சமயம் காய்ச்சல். இரவும் பகலும் உழைக்கிற இளைஞன் இதையெல்லாம் வேலைக் களைப்பு என்றுதானே நினைப்பான்?

தொழில்சார் மருத்துவ ஆய்வாளர் ஷிஞ்சி குமாகாய் அந்த அச்சகத்தில் நோயுற்றவர்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். 2012-இல் விஷயம் வெளியே வந்தது. அவரது குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அங்கு ப்ரூஃப் பிரிவில் வேலைபார்த்த 62 ஆண்களில் 11 பேருக்கு இந்த நோய். ஐந்து பேருக்குக் கல்லீரலுக்குள், ஆறு பேருக்கு வெளியே. நோய் கண்டறியப்பட்டபோது இவர்களின் வயது 25 முதல் 45 வரை. ஜப்பானிய ஆண்களிடையே எதிர்பார்க்கக்கூடிய அளவைப்போல் ஏறத்தாழ 2,900 மடங்கு மரணம். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்த மருத்துவருக்கு அது அரிதான ஒரு நோய் மட்டுமே. எங்கே வேலை பார்த்தார்கள் என்று கேட்டபோதுதான் சங்கதி புரிந்தது.

பின்னர் அதே அச்சகத்தில் நோயாளிகள் 17 ஆனார்கள். அவர்களை ஆராய்ந்த மருத்துவர்கள் சில பொதுவான அடையாளங்களைக் கண்டார்கள். ரத்தத்தில் காமா ஜிடி என்னும் நொதி உயர்ந்திருந்தது. சிலருக்குக் கட்டி அடைக்காத இடத்திலும் நாளம் விரிந்திருந்தது. நாளத்தின் உட்சுவரில், புற்றாக மாறக் காத்திருக்கும் செல்கள் பல இடங்களில் காணப்பட்டன. நோய் ஒரு புள்ளியில் தொடங்கவில்லை. கரைப்பான் நாளத்தைப் பல இடங்களில் சேதப்படுத்தியிருந்தது.

2013 மார்ச்சில் ஜப்பான் அரசு இதைத் தொழிலால் வந்த நோயாக ஏற்று இழப்பீடு வழங்கத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அந்த ரசாயனம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2014-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்தது. ஆவியை முதலில் சுவாசித்து இருபது ஆண்டு கழித்தும் இந்த நோய் தலைகாட்டியிருக்கிறது. அதனால், குறிப்பிட்ட காலம் அந்தக் கரைப்பானோடு வேலை செய்தவர்களுக்கு வேலையை விட்ட பிறகும் இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ள ஜப்பானில் ஒரு சுகாதாரப் பதிவேடு வழங்கப்படுகிறது.