சென்னைப் பல்கலைக்கழகம்: வளர்ச்சிப் படிகள்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5 அன்று சட்டத்தின் வழி நிறுவப்பட்டது. லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இயங்கியது. பாடம் நடத்தியவை இணைப்புக் கல்லூரிகள்.

ராபர்ட் சிசோம் வடிவமைத்த செனட் மாளிகை 1874 முதல் 1879 வரை மெரினாவை ஒட்டி எழுப்பப்பட்டது.

பட்டம் பெறாதவரும் துறைமுகக் கழக எழுத்தருமான ராமானுஜனுக்கு 1913இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது, இப்பல்கலைக்கழக வரலாற்றின் பெருமைக்குரிய முடிவு. கணக்குப் பேரேடுகளை விட்டு அவர் முழுநேரமும் கணிதத்தில் மூழ்க முடிந்தது.

1923ஆம் ஆண்டுச் சட்டம் கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் வழி திறந்தது. 1924 முதல் 1936 வரை இப்பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பின்னிணைப்பு 1939இல் நிறைவுற்றது.

ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை துணைவேந்தராக இருந்தார். அவர் காலத்திலேயே, 1966இல், மதுரைப் பல்கலைக்கழகம் தனியே உருவானது.