கவாலா: இலையைப் பிரித்த கைகள், மனிதரைப் பிரித்த கோடுகள்

கிரேக்க மொழியில் மாவட்டத்துக்கு ‘நொமொஸ்’ என்று பேர். அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் மாவட்டம். அதன் பழைய பொருள் மேய்ச்சல் நிலம். அழுத்தம் முதலசைக்கு நகர்ந்தால் சட்டம். இரண்டுக்கும் வேர்ச்சொல் ஒன்று: பங்கிடுதல். நிலத்தைப் பங்கிடுவதும் விதியை வகுப்பதும் ஒரே வினையின் இரு முகங்கள் என்பதை மொழி மறைக்காமல் வைத்திருக்கிறது. மாவட்டக் கையேடுகள்தாம் மறைக்கின்றன. பரப்பளவு, விளைபொருள், பார்க்க வேண்டிய இடம் என்று வரிசையாகச் சொல்லி முடித்துக்கொள்ளும் அவை. யார் பங்கிட்டார்கள், யாருக்குப் பங்கில்லாமல் போனது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. வடகிரேக்கத்தின் கவாலா மாவட்டத்தை அந்தக் கேள்வியோடு வாசித்துப் பார்க்கலாம்.

முதலில் கையேடு சொல்வதையே சொல்லிவிடுவோம். கிழக்கு மாசிடோனியாவில் ஏஜியன் கடலோரம் கிடக்கிற நிலம். தாசோஸ் தீவையும் சேர்த்தால் 2,100 சதுர கிலோமீட்டர் சொச்சம். மேற்கே பங்காயோன் மலை, கிழக்கே நெஸ்டொஸ் ஆறு. மலைப்பக்கம் பொன் கிடைத்தது. அதற்காகவே கி.மு. 356இல் மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப் அங்கிருந்த குடியிருப்பைப் பிடித்துத் தன் பேரை வைத்தான். விவிலியம் படித்தவர்கள் அறிந்த பிலிப்பி அதுதான். பவுல் கப்பலிலிருந்து இறங்கிய நெயாப்போலிதான் இன்றைய கவாலா நகரம். எகிப்தில் ஒரு ராஜவம்சத்தைத் தொடங்கிய முகம்மது அலி 1769இல் பிறந்ததும் இங்கேதான். ஒரு ராஜா, ஒரு அப்போஸ்தலர், ஒரு பாஷா. கையேட்டுக்கு இந்த மூன்று பேர் போதும்.

ஆனால் நவீன நகரத்தை உண்டாக்கியது இவர்கள் யாருமில்லை. ஒரு சின்ன இலை. ஓட்டோமான் ஆட்சியின் கடைசிப் பகுதியில், 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், ஐரோப்பாவின் சிகரெட் மோகம் இந்தத் துறைமுகத்தைத் தேடி வந்தது. ‘பஸ்மா’ எனும் உள்ளூர்ப் புகையிலை வளமற்ற, கல் நிறைந்த சரிவில் விளைந்தால்தான் மணக்கும். இலையும் சிறுத்திருக்கும். ஒரு சிப்பம் கட்ட ஆயிரக்கணக்கான இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறம், அளவு, பழுது பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். கையும் கண்ணும் மட்டுமே செய்யக்கூடிய வேலை. கிட்டங்கித் தரையில் நாளெல்லாம் உட்கார்ந்து தூசியைச் சுவாசித்த இந்தத் தொழிலாளர்களுக்குக் கூலியோடு காசநோயும் கிடைத்தது. ஹங்கேரிய வணிகர் ஹெர்சோக் கோட்டை மாதிரிக் கட்டிக்கொண்ட மாளிகையில்தான் இன்றைக்கு நகராட்சி இயங்குகிறது.

அந்தத் தரையில் முஸ்லிம், யூதர், கிறித்தவர் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள் என்பது முக்கியம். பால்கன் போர்களுக்குப் பிறகு 1913 புக்காரெஸ்ட் ஒப்பந்தத்தால் கவாலா கிரேக்க அரசின் கைக்கு வந்தது. ஒரு வருஷம்கூட முடியவில்லை. 1914 வசந்தத்தில் கவாலாவின் புகையிலைத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் கிழக்கு மாசிடோனியாவின் மற்றப் புகையிலை ஊர்களுக்கும் பரவியது. புதிய தேசம் தன் பிரஜைகளைச் சந்தித்த முதல் இடங்களில் ஒன்று கிட்டங்கி வாசல்.

தரம் பிரிக்கும் வேலையை அடுத்து அரசுகளே எடுத்துக்கொண்டன. 1923 ஜனவரியில் லொசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் மக்கள் பரிமாற்றத்துக்குக் கையெழுத்திட்டன. அளவுகோல் மொழியல்ல, விருப்பமுமல்ல, மதம். 1913இல் போட்ட எல்லைக்கோட்டுக்குக் கிழக்கே இருந்த முஸ்லிம்களுக்கு மட்டும் விலக்கு. அந்தக் கோடு கடலைத் தொட்ட இடம் நெஸ்டொஸின் முகத்துவாரம். ஆற்றின் கிழக்குக் கரையில் இருந்தவர் இருக்கலாம். மேற்கே, கவாலா பக்கம் இருந்தவர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கோடு போட்டவனுக்கு அது வெறும் ஆறு. கரையில இருந்தவனுக்கு அதுதான் தலையெழுத்து. இங்கிருந்து போன புகையிலை விவசாயிகளில் பலர் கருங்கடலோரத்துச் சாம்சுனில் போய் அதே பயிரை வைத்தார்கள். அங்கிருந்து துரத்தப்பட்ட கிறித்தவர்கள் இங்கே வந்தார்கள். கப்படோக்கியாவிலிருந்து வந்து நியா கார்வாலி என்ற ஊரை உண்டாக்கியவர்களின் வீட்டுமொழி துருக்கி. ‘தாய்நாடு திரும்பிய கிரேக்கர்கள்’ என்ற தேசியக் கதையாடல் இவர்கள் வாயைத் திறந்ததுமே உடைந்துவிடுகிறது. 1928 கணக்கெடுப்பில் கவாலா நகரத்தில் சுமார் 50,000 பேர். பாதிக்கு மேல் அகதிகள்.

முதலாளிகளுக்கு இது நல்ல காலம்: வேலை தேடும் கைகள் ஏராளம். ‘தொங்கா’ என்ற சுருக்கமுறை பரவியது. இலையை ஒவ்வொன்றாகப் பிரிக்காமல் மேலோட்டமாக அடுக்கிக் கட்டினால் போதும். தேர்ந்த ஆண் தொழிலாளி தேவையில்லை. பெண்ணுக்குக் குறைந்த கூலி கொடுத்து முடித்துவிடலாம். இங்கே இடதுசாரி வரலாறுகள் வழக்கமாகத் தாண்டிப் போகிற ஒன்று உண்டு. தொங்காவை எதிர்த்த சங்கத்து ஆண்கள், அகதிப் பெண்ணைத் தோழியாகப் பார்த்ததைவிடப் போட்டியாளராகப் பார்த்ததே அதிகம். வர்க்கத்துக்குள்ளேயும் ஒரு தரம் பிரித்தல் நடந்துகொண்டுதான் இருந்தது. இத்தனைக்கும் நடுவில் 1934இல் இந்த நகரம் கம்யூனிஸ்டான திமித்ரிஸ் பார்த்சாலிதிஸை மேயராகத் தேர்ந்தெடுத்தது. கிரேக்கத்தின் முதல் கம்யூனிஸ்ட் மேயர்களில் ஒருவர். அரசாங்கம் அவரை அந்த நாற்காலியில் நீடிக்க விடவில்லை.

1941இல் நாஜிகளின் கூட்டாளியான பல்கேரியா இப்பகுதியை ஆக்கிரமித்தது. 1943 மார்ச் 4 விடியுமுன்னே கவாலாவின் யூதர்கள், ஏறக்குறைய 1,500 பேர், வீடுகளிலிருந்து இழுத்து வரப்பட்டார்கள். அடைத்துவைக்க இடம்? புகையிலைக் கிட்டங்கிகள். அங்கிருந்து ரயிலிலும் படகிலுமாக டிரெப்ளிங்கா கொலைக்களத்துக்கு. அவர்களில் பலர் அதே மாதிரிக் கிட்டங்கிகளில் இலை பிரித்தவர்கள். தன் பழைய எல்லைக்குள் இருந்த யூதர்களைப் பல்கேரியா அனுப்பவில்லை. பிடித்த நிலத்து யூதர்களை மட்டும் கொடுத்தது. மறுபடி ஒரு கோடு. 2015இல் இவர்களுக்கு நினைவுக்கல் வைத்தபோது, அதில் பொறித்த தாவீது நட்சத்திரம் உறுத்துகிறதென்று நகர நிர்வாகம் திறப்பைத் தள்ளிப்போட்டது. கண்டனம் எழுந்த பிறகுதான் நட்சத்திரத்தோடு திறந்தது. மறதிக்கும் நிர்வாகம் உண்டு.

மீதிக் கதையைச் சுருக்கிவிடலாம். போருக்குப் பின் புகையிலை வேலை சுருங்கியது. 1960களில் கைகள் மேற்கு ஜெர்மனியின் ஆலைகளுக்கு ஏற்றுமதியாயின. தாசோஸ் அருகே பிரினோஸ் கடற்படுகையிலிருந்து 1981 முதல் எண்ணெய் எடுத்தார்கள். நெஸ்டொஸ் சமவெளியில் கிவிப் பழமும் அஸ்பாரகஸும் வந்தன. தாசோஸின் வெள்ளைப் பளிங்கு கப்பலேறியது. 2010இல், கடன் ஒப்பந்தத்தில் கிரேக்கம் கையெழுத்திட்ட அதே வருஷம், ‘கல்லிக்ராதிஸ்’ சட்டம் நொமொஸ் என்ற நிர்வாக அலகையே ஒழித்தது. 2011 முதல் கவாலா ஒரு அலகு, தாசோஸ் இன்னொரு அலகு. சிக்கனத்தின் பேரால் இன்னொரு பங்கீடு.

மாவட்டம் என்பது இயற்கை தந்த நிலத்துண்டு அல்ல. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்ற தீர்ப்புகள் படிந்து படிந்து உருவான பிரதி அது. ஆறும் மலையும் அந்தத் தீர்ப்புகளுக்குச் சாட்சியாக இழுக்கப்பட்டவை, அவ்வளவுதான். கவாலாவில் இன்று புகையிலைக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கிட்டங்கிகளை அழகான கட்டிடங்களாக மட்டும் பார்த்துவிட்டு வருவது சுலபம். 1914இல் அந்த வாசலில் யார் சேர்ந்து நின்றார்கள், 1943இல் அதற்குள் யார் அடைபட்டார்கள் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்பதுதான் வரலாறு.