சீரியல் லைட் முதல் பிக்சல் லைட் வரை... வீட்டில் எல்இடி அலங்காரம் போடும் முன் கரண்ட் கணக்கு போட்டீங்களா?

தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என அடுத்தடுத்து வரும் பண்டிகைகளுக்கு வீட்டு வாசலிலும் மொட்டை மாடியிலும் எல்இடி விளக்குகள் தொங்காத தெருவே இப்போது இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பண்டிகைகளில் பாதி, வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தில்தான் வருகின்றன. நனைந்த சுவர், ஈரமான கைப்பிடி, இரும்பு கேட், அதன் மீது மெல்லிய சீரியல் ஒயர். ஷாக் அடிக்க இதுவே போதும்.

"எல்இடி தானே, கரண்டே இழுக்காது, என்ன ஆகிடப் போகுது?" என்பதுதான் பலரின் எண்ணம். இதில் பாதி உண்மை, பாதி தவறு. எது உண்மை, எது தவறு, எப்படித் திட்டமிடுவது? பார்க்கலாம்.

முதல் வேலை: எத்தனை வாட் என்று கூட்டுங்கள்

கணக்கு எளிது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். விளக்கு எத்தனை வாட் என்பது பாக்கெட்டில் அச்சிடப்பட்டிருக்கும்.

எல்இடி ஸ்ட்ரிப் என்றால் ஒரு மீட்டருக்கு எத்தனை வாட் என்று பார்க்க வேண்டும். மீட்டருக்கு 60 சிறிய எல்இடி உள்ள சாதாரண 12 வோல்ட் ஸ்ட்ரிப் பொதுவாக 4.8 வாட் எடுக்கும். அதே 60 எண்ணிக்கையில் பெரிய 5050 வகை எல்இடி இருந்தால் 14.4 வாட். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் மூன்று மடங்கு வித்தியாசம். ஒவ்வொரு விளக்கும் தனித்தனி நிறத்தில் ஓடும் 5 வோல்ட் பிக்சல் லைட்டில், முழு வெள்ளையில் எரியும்போது ஒரு பிக்சல் சுமார் 0.3 வாட் எடுக்கும்.

ஒரு மாடி வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

- மாடி கைப்பிடிச் சுவரில் 10 மீட்டர் சாதாரண ஸ்ட்ரிப்: 48 வாட்
- வாசல் வளைவில் 5 மீட்டர் 5050 ஸ்ட்ரிப்: 72 வாட்
- ஜன்னலில் 100 பிக்சல்: 30 வாட்
- மரத்தில் தலா 10 வாட் உள்ள 4 சீரியல் செட்: 40 வாட்

மொத்தம் 190 வாட். மின்சாரத்தை 12 வோல்ட்டாகவும் 5 வோல்ட்டாகவும் மாற்றும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் வீணாவதையும் சேர்த்தால் சுமார் 215 வாட் வரும். 230 வோல்ட்டில் இது 1 ஆம்பியருக்கும் குறைவு. வீட்டில் உள்ள சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயின்ட்டே தாராளமாகத் தாங்கும். "கரண்டே இழுக்காது" என்பது இதுவரை சரிதான்.

அப்போ ஒயர் ஏன் சூடாகுது?

தவறு நடக்கும் இடம் இதுதான். வோல்ட் குறைந்தால் அதே வாட்டுக்கு ஆம்பியர் கூடும். மேலே சொன்ன இரண்டு ஸ்ட்ரிப்புகளும் சேர்த்து 120 வாட். 230 வோல்ட்டில் இது அரை ஆம்பியர்தான். ஆனால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். 100 பிக்சலுக்கு 5 வோல்ட்டில் 6 ஆம்பியர் ஓடும். தலைமுடி மாதிரி ஒயரை முறுக்கி, டேப் சுற்றிவிட்டால் அந்த ஜாயின்ட் கொதிக்கத்தான் செய்யும்.

"12 வோல்ட்டில் ஷாக் அடிக்காது, அதனால் ஆபத்தே இல்லை" என்று நினைப்பதும் தவறு. உலர்ந்த கையில் 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் தளர்வான ஜாயின்ட்டில் 10 ஆம்பியர் ஓடினால் இன்சுலேஷன் உருகும், பக்கத்தில் உள்ள திரைச்சீலையோ காய்ந்த தோரணமோ பற்றிக்கொள்ளும்.

முதல் விளக்கு பளிச், கடைசி விளக்கு மங்கல்... ஏன்?

பலரும் ஸ்ட்ரிப்பே டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது இதற்காகத்தான். உண்மையில் பெரும்பாலும் காரணம் வோல்டேஜ் டிராப், அதாவது ஒயரின் நீளத்தில் வோல்ட் குறைந்துபோவது.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை வீட்டுக்குள் வைத்து, 72 வாட் ஸ்ட்ரிப்புக்கு 10 மீட்டர் தூரம் 1 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். போக வர 20 மீட்டர். 6 ஆம்பியர் ஓடும்போது சுமார் 2 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். ஸ்ட்ரிப்புக்குக் கிடைப்பது 10 வோல்ட்தான். இதையே 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயராக மாற்றினால் இழப்பு சுமார் 0.8 வோல்ட். 24 வோல்ட் ஸ்ட்ரிப் வாங்கியிருந்தால் 1 ஸ்கொயர் எம்எம் ஒயரிலேயே 24-ல் 1 வோல்ட் மட்டும்தான் குறையும். நீளமான அலங்காரத்துக்கு 24 வோல்ட் நல்லது என்று எலக்ட்ரீஷியன்கள் சொல்வது இதனால்தான்.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள்:

- எஸ்எம்பிஎஸ் பெட்டியை விளக்குக்குப் பக்கத்தில், மழை படாத இடத்தில் வையுங்கள். நீளமாக ஓட வேண்டியது 230 வோல்ட் ஒயர். குறுகலாக ஓட வேண்டியது 12 வோல்ட் ஒயர்.
- 5 மீட்டர் ரோலின் முனையில் அடுத்த 5 மீட்டரை அப்படியே ஒட்டாதீர்கள். இரண்டு ரோலின் கரண்டும் முதல் ரோலில் உள்ள மெல்லிய செம்புப் பட்டை வழியாகவே போக வேண்டியிருக்கும். நடுவில் இருந்து இரண்டு பக்கமும் சப்ளை கொடுங்கள், அல்லது ஒவ்வொரு ரோலுக்கும் தனி ஒயர் இழுங்கள்.
- பிக்சல் லைட் என்றால் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை மீண்டும் சப்ளை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசிப் பக்கம் வெள்ளை நிறம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரியும்.

எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் வாங்குவது?

120 வாட் விளக்குக்கு 120 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினால் அது எப்போதும் முழு பாரத்தில் ஓடி சூடாகிக்கொண்டே இருக்கும். அதன் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் பாரம் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். 120-ஐ 0.8-ஆல் வகுத்தால் 150 வாட், அதாவது 12 வோல்ட் 12.5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ். 30 வாட் பிக்சலுக்கு 5 வோல்ட் 10 ஆம்பியர் போதும்.

பெட்டியில் பிஐஎஸ் முத்திரையும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். உலோகப் பெட்டி என்றால் எர்த் ஒயர் கட்டாயம். இரண்டு கோர் ஒயரில் பேஸ், நியூட்ரல் மட்டும் கொடுத்துவிட்டு எர்த்தை விட்டுவிடக் கூடாது. மூன்று கோர் ஒயர்தான் போட வேண்டும்.

12 வோல்ட் பக்கம் ஒவ்வொரு ஒயருக்கும் தனி ஃபியூஸ் போடுவது நல்லது. 6 ஆம்பியர் ஓடும் ஒயருக்கு, கார்களில் போடும் 7.5 ஆம்பியர் பிளேட் ஃபியூஸ் போதும். விலை மிகக் குறைவு. ஒயர் எங்காவது நசுங்கி ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகும், வீடு தப்பிக்கும்.

230 வோல்ட் சீரியல் செட்: கவனம் இங்கே

விலை மலிவான சீரியல் செட்டுகளும், நீளமான ரோப் லைட்டுகளும் நேராக 230 வோல்ட்டில் ஓடுபவை. ஒவ்வொரு பல்புக்கும் சில வோல்ட்தான் போகிறது என்றாலும், ஒயரின் ஏதாவது ஒரு இடம் உரிந்திருந்தால் அங்கே தொடுபவருக்குக் கிடைப்பது வீட்டு மின்சாரத்தின் முழு ஷாக். சின்ன பல்பு, சின்ன ஷாக் என்று நினைக்க வேண்டாம்.

- இரண்டு பின் பிளக்கை எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் சொருகலாம். சுவிட்சை ஆஃப் செய்தாலும், வயரிங் தவறாக இருந்தால் செட்டில் கரண்ட் இருக்கலாம். கை வைக்கும் முன் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.
- ரோப் லைட்டைச் சுருட்டிய நிலையில் எரிய விடாதீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் உருகும்.
- குறியிட்ட இடத்தில் மட்டும் வெட்டி, வெட்டிய முனையில் மூடி போடுங்கள். திறந்த முனையில் கரண்ட் இருக்கும்.
- இரும்பு கேட், ஜன்னல் கம்பி, துணி காயப்போடும் கம்பி, தகரக் கூரை ஆகியவற்றில் நேராகச் சுற்றாதீர்கள். பிளாஸ்டிக் கிளிப் அல்லது டேக் பயன்படுத்துங்கள்.
- குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்தில் 12 வோல்ட் அல்லது பேட்டரி விளக்கு மட்டும் போடுங்கள்.

மழைக்கு என்ன ஏற்பாடு?

பாக்கெட்டில் ஐபி என்று ஒரு எண் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு. ஐபி20 என்றால் வீட்டுக்குள் மட்டும். ஐபி44 சாரலைத் தாங்கும். ஐபி65 பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். ஐபி67 சிறிது நேரம் தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும். திறந்தவெளி மாடிக்கு ஐபி65 எடுப்பது நல்லது.

ஆனால் ஸ்ட்ரிப்புக்கு ஐபி65 வாங்கிவிட்டு, அதன் ஜாயின்ட்டில் வெறும் டேப் சுற்றினால் பயனில்லை. தண்ணீர் புகுவது ஜாயின்ட்டில்தான். பாலிதீன் கவர் கட்டுவதும் தீர்வு அல்ல. உள்ளே ஈரம் தேங்கும், எஸ்எம்பிஎஸ் சூடாகும். ஜாயின்ட்டுகளை மூடியுள்ள பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸில், தரையில் இருந்து உயர்த்தி வையுங்கள். பெட்டிக்குள் போகும் முன் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். ஒயர் வழியாக வழியும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது.

எம்சிபி இருக்கு, போதாதா?

போதாது. எம்சிபி என்பது ஒயரைக் காப்பாற்றுவது. அதிக பாரமோ ஷார்ட் சர்க்யூட்டோ ஏற்பட்டால்தான் அது விழும். ஒரு மனிதர் உடல் வழியாக 50 மில்லி ஆம்பியர் போனாலே உயிருக்கு ஆபத்து. 6 ஆம்பியர் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது.

மனிதரைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமாக இல்லாமல், 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு எங்காவது கசிந்தால் நொடிப்பொழுதில் லைனைத் துண்டித்துவிடும். வெளிப்புற அலங்காரத்துக்கு சப்ளை எடுக்கும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும். விளக்கு போடும் முன் அதில் உள்ள டெஸ்ட் பட்டனை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றுங்கள்.

மழை பெய்ததும் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்றால் அது கோளாறு அல்ல, எச்சரிக்கை. எங்கோ கசிகிறது என்று அர்த்தம். "தொல்லை பண்ணுது" என்று அதை பைபாஸ் செய்து நேராக லைன் கொடுப்பது உயிரோடு விளையாடுவது. ஒவ்வொரு செட்டாகக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றியதும் நிற்கிறதோ அதுதான் பழுதான செட்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் இன்னொரு விஷயம். அலங்கார விளக்கு இன்வெர்ட்டர் லைனில் இருந்தால், தெருவே இருட்டானாலும் ஒயரில் 230 வோல்ட் இருக்கும். கரண்ட் போச்சு என்று நம்பி ஒயரைத் தொடக் கூடாது.

பில் எவ்வளவு ஏறும்?

மேலே சொன்ன 215 வாட் அலங்காரம் தினமும் 5 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளுக்கு சுமார் 1 யூனிட். 10 நாளுக்கு 11 யூனிட். பெரிய செலவு இல்லை. ஆனால் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தொடும் நிலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால் ஸ்லாப் மாறி, முந்தைய யூனிட்டுகளுக்கான கட்டணத்திலும் சலுகை குறையும். டைமர் போட்டு இரவு தூங்கும் முன் அணைவது போல வைத்தால் பில்லும் குறையும், யாரும் கவனிக்காத நேரத்தில் தீப்பிடிக்கும் ஆபத்தும் குறையும்.

ஷாக் அடித்தால் என்ன செய்ய வேண்டும்?

- பாதிக்கப்பட்டவரை நேராகத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள்.
- அணைக்க முடியாவிட்டால், உலர்ந்த இடத்தில் நின்றுகொண்டு உலர்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளிவிடுங்கள்.
- 108-க்கு அழையுங்கள். மூச்சு இல்லை என்றால், தெரிந்தவர்கள் உடனே சிபிஆர் தொடங்க வேண்டும்.
- எழுந்து நன்றாக நடந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஷாக் இதயத் துடிப்பைப் பாதிக்கலாம்.
- மின்சாரத்தால் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு 101-க்கு அழையுங்கள்.

தெருவில் உள்ள மின்கம்பத்திலோ, வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரிலோ விளக்கைக் கட்டவே கூடாது. மழையில் மின்கம்பி அறுந்து தொங்குவதைப் பார்த்தால் அருகில் போகாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குத் தகவல் சொல்லுங்கள்.