சாட்சி சொல்ல மறுத்த நூலகர்

நூலகத்திற்கு வருகிறவர் எதைத் தேடுகிறார் என்பது நூலகருக்குத் தெரியும். தெரிந்ததை அவர் பிறரிடம் சொல்லலாமா? அமெரிக்க நூலகச் சங்கம் 1939ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட ஒழுக்க நெறித் தொகுப்பு இதற்கு விடை தந்தது: வாசகரோடு பழகுவதால் அறியவரும் தனிப்பட்ட செய்திகளை மறைபொருளாகக் காத்தல் நூலகரின் கடமை. எழுதி வைத்தல் எளிது. 1970இல் மில்வாக்கி பொது நூலகத்தில், வெடிபொருள் பற்றிய நூல்களை எடுத்தவர்கள் யார் என்று வரித்துறை அதிகாரிகள் கேட்டனர். நூலகம் முதலில் மறுத்தது. அவை பொது ஆவணங்களே என்று நகர வழக்குரைஞர் கருத்துரைத்ததும் பணிந்தது.

பென்சில்வேனியா மாநிலத்தின் லூயிஸ்பர்க் என்னும் ஊரில் நடுவண் அரசின் சிறை ஒன்றும் பக்னல் பல்கலைக்கழகமும் உள்ளன. வியட்நாம் போரை எதிர்த்துப் படைச்சேர்ப்பு ஆவணங்களை அழித்த அருட்தந்தை பிலிப் பெரிகன் அச்சிறையில் அடைபட்டிருந்தார். பாய்டு டக்ளஸ் என்ற கைதிக்கோ, பல்கலைக்கழகத்தில் பயிலவும் அதன் நூலகத்தில் பணியாற்றவும் அனுமதி இருந்தது. பெரிகனுக்கும் அருட்சகோதரி எலிசபெத் மக்அலிஸ்டருக்கும் இடையே அவர் மறைவாக மடல்களைக் கொண்டு சென்றார். அவற்றின் நகல்களை எஃப்.பி.ஐ. புலனாய்வுத் துறையிடமும் சேர்த்தார். நூலகத்தின் அமைதிக்குள் ஓர் ஒற்றர்! கிஸ்ஸிஞ்சரைக் கடத்தவும் வாஷிங்டன் நகரின் நிலத்தடி வெப்பக் குழாய்ப் பாதைகளைத் தகர்க்கவும் சதி செய்ததாக 1971 ஜனவரியில் பெரிகன் முதலியோர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. வாசகர் பதிவுகளை நீதிமன்ற ஆணையின்றிக் காட்டலாகாது என்று நூலகச் சங்கம் அறிவித்ததும் அதே மாதத்தில்தான்.

பக்னல் நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவில் பணியாற்றியவர் சோயா ஹார்ன். உக்ரைனில் பிறந்து சிறுமியாகப் புலம்பெயர்ந்தவர். அரசுத் தரப்பு அவரைச் சாட்சியாக அழைத்தது. அவர்மீது வழக்கு வராது என்ற காப்புறுதியும் தரப்பட்டது. ஆயினும் 1972 மார்ச் மாதம் ஹாரிஸ்பர்க் நீதிமன்றத்தில் அவர் வாய் திறக்க மறுத்தார். இல்லங்களிலும் நூலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் அரசு ஒற்றாடுவதற்குத் தாம் துணைபோக முடியாது என்பது அவர் சொன்ன காரணம். நீதிமன்ற அவமதிப்புக்காக 20 நாள் சிறையில் இருந்தார். நடுவர் குழு சதிக் குற்றச்சாட்டில் ஒருமனப்படாமல் வழக்கு முடிந்தது.

அவர் எந்தப் பதிவேட்டையும் மறைக்கவில்லையே, இதில் தொழில்நெறி எங்கே வந்தது என்று கேட்கலாம். 1939இன் நெறி பதிவேட்டை மட்டுமா சொன்னது? பழக்கத்தால் அறிந்ததையும் அல்லவா சொன்னது! ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசிய முத்திரையோடு இதை ஒப்பிட எனக்கு ஆசைதான். ஆனால் ஒப்புமை முழுதும் பொருந்தாது. குருவின் மௌனத்திற்குத் திருச்சபை முழுவதும் அரணாக நிற்கிறது. ஹார்னுக்கு அவருடைய சங்கமே முதலில் ஆதரவு தரத் தயங்கியது. பாராட்டுத் தீர்மானம் பின்னரே வந்தது.

கலிபோர்னியா நூலகச் சங்கம் 2004ஆம் ஆண்டு முதல் அவர் பெயரால் விருது வழங்கத் தொடங்கியது. அதைக் கண்ட பின் 2014இல், தமது 96ஆம் வயதில் அவர் மறைந்தார்.