முதல் பத்து விநாடி

கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்குகிறோம். திரையில் படங்களும் ஜன்னல்களும் வந்து சேருவதற்கு முன்னால் ஒரு பத்து விநாடி இருட்டாக இருக்கிறது. அந்த இடைவேளை காப்பியை இன்னொரு வாய் குடிப்பதற்காக ஏற்பட்டது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் காப்பி குடித்து வந்தேன். ஆனால் அந்தப் பத்து விநாடிக்குள் கோடிக்கணக்கான டாலர் வியாபாரமும், கோர்ட்டு வழக்குகளும், ஒரு மனிதரின் மனத்தாங்கலும் அடங்கியிருக்கின்றன என்று படித்தபோது, கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு நாக்கில் ஜலம் ஊறிவிட்டது.

விஷயம் இதுதான். மின்சாரம் வந்த கணத்தில் அந்த யந்திரத்துக்கு ஒன்றுமே தெரியாது. தன்னிடம் எவ்வளவு நினைவகம் இருக்கிறது, எத்தனை வட்டுகள் இருக்கின்றன, திரை எப்படிப்பட்டது, எதுவும் தெரியாது. வட்டில் இருக்கிற பெரிய நிரலை எடுத்துக் கொண்டுவந்தால் எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் வட்டைப் படிக்கிற வித்தையும் அந்த வட்டிலேயே இருக்குமானால்? பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின கதைதான். ஆகவே மின்சாரம் போனாலும் எழுத்து அழியாத ஒரு சின்னஞ்சிறு சில்லை உள்ளே வைத்து, அதில் கொஞ்சம் புத்தியை எழுதி வைத்தார்கள். காலையில் எழுந்ததும் கையில் நோட்டுடன் நிலபுலம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிக் கணக்கெடுக்கிற கிராமத்துக் கணக்குப்பிள்ளையின் வேலை அதற்கு. கணக்குச் சரியாக இருந்தால் பெரிய எஜமானரை எழுப்பும். இல்லாவிட்டால் 'கீச்' 'கீச்' என்று சத்தம் போட்டு முறையிடும். இந்தக் கணக்குப்பிள்ளைக்குப் பெயர் பயாஸ். நாலு ஆங்கில வார்த்தைகளின் முதல் எழுத்துக்களைச் சேர்த்த பெயர். கிரேக்க மொழியில் அதே ஒலியுள்ள சொல்லுக்கு 'வாழ்வு' என்று பொருள்.

பெயரை வைத்தவர் கேரி கில்டால் என்ற அமெரிக்கர். கலிபோர்னியாவில் மாண்டரே என்ற கடற்கரை ஊரில் கடற்படை அதிகாரிகளுக்கான கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். 1974-ஆம் வருஷத்தில் சி.பி.எம். என்ற நிரலை எழுதினார். சின்னக் கம்ப்யூட்டர்கள் வட்டைக் கையாள வழி செய்தது அது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனியின் பெட்டியும் ஒவ்வொரு தினுசு. ஒரு பெட்டிக்கென்று தைத்த சட்டை இன்னொன்றுக்குப் பொருந்தாது. இம்சாய் என்ற கம்பெனி தன் பெட்டிக்கும் அந்த நிரல் வேண்டும் என்று வந்தபோது கில்டாலுக்கு அலுத்துவிட்டது. பெட்டிக்குப் பெட்டி மாறுகிற பகுதியை மட்டும் தனியே வெட்டி எடுத்துவிட்டு, மாறாத பகுதியைத் தொடாமல் விட்டார். வெட்டி எடுத்த துண்டுக்குத்தான் பயாஸ் என்று பெயர். இனிமேல் புதுப் பெட்டி வந்தால் அந்தத் துண்டை மட்டும் திருப்பி எழுதினால் போதும். இப்போது கேட்கும்போது, 'இது என்ன பெரிய வித்தை' என்று தோன்றும். நல்ல யோசனைகள் எல்லாமே, யாராவது சொன்ன பிற்பாடு அப்படித்தான் தோன்றுகின்றன.

1980-ஆம் வருஷத்தில் ஐ.பி.எம். என்ற மாபெரும் ஸ்தாபனம் வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஆகிற சிறு கம்ப்யூட்டர் ஒன்று செய்யத் தீர்மானித்தது. நிரலுக்காகக் கில்டாலின் வீட்டுக் கதவையும் தட்டினார்கள். பேரம் படியவில்லை. ஏன் படியவில்லை என்பதற்கு ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அதற்குள் நுழைந்தால் இந்தக் கட்டுரை வெளியே வராது. வியாபாரம் மைக்ரோசாப்டுக்குப் போயிற்று. கில்டால் 1994-இல் ஐம்பத்திரண்டாம் வயதில் காலமானார். 2014-இல் அவர் கம்பெனி இருந்த பசிபிக் குரோவ் கட்டிடத்தின் வாசலில் ஒரு நினைவுப் பலகை பதித்தார்கள். பயாஸ் அவருடைய கண்டுபிடிப்பு என்று அதில் எழுதியிருக்கிறது. இருபது வருஷம் தாமதம்.

ஐ.பி.எம். பெட்டி 1981 ஆகஸ்டு 12-ஆம் தேதி வெளிவந்தது. பிளாரிடா மாகாணத்தில் போகா ராடன் என்ற ஊரில் ஒரு சிறு கோஷ்டி சுமார் ஒரே வருஷத்தில் செய்து முடித்த வேலை. அவசரத்தில் எல்லாவற்றையும் கடையில் வாங்கினார்கள். மூளைச் சில்லு இன்டெல்லினுடையது, நிரல் மைக்ரோசாப்டினுடையது. சொந்தச் சரக்கு என்று அடித்துச் சொல்லக்கூடியது பயாஸ் ஒன்றுதான். அதன் அளவு 8 கிலோபைட். நீங்கள் இப்போது படிக்கிற இந்தக் கட்டுரையை இன்றைய கம்ப்யூட்டர் முறைப்படி தமிழ் எழுத்தில் ஏற்றினால் அந்தச் சில்லில் அடங்காது. அவ்வளவு சிறிய இடத்துக்குள் எழுதியவர் டேவிட் பிராட்லி என்ற என்ஜினீயர். யந்திரம் மூர்ச்சை போட்டுவிட்டால் மூன்று விசைகளை ஒருசேர அமுக்கி எழுப்புகிறோமே, கண்ட்ரோல், ஆல்ட், டெலிட், அந்த மந்திரமும் அவர் செய்ததுதான். 2001-இல் அந்தப் பெட்டியின் இருபதாம் ஆண்டு விழா நடந்தது. மேடையில் பில் கேட்ஸ் உட்கார்ந்திருக்கும்போதே, அதைக் கண்டுபிடித்தது தானாக இருக்கலாம், ஆனால் அதைப் பிரபலம் ஆக்கியவர் இவர்தான் என்று பிராட்லி சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தார்.

அந்த முதல் பெட்டியில் அமைப்புகளை மாற்றுவது என்றால் ஸ்குரூ டிரைவர் எடுக்க வேண்டும். மூடியைக் கழற்றினால் உள்ளே பலகையில் அரிசி மணி போல வெள்ளை ஸ்விட்சுகள் எட்டெட்டாக இரண்டு வரிசை. பேனா முனையால் அவற்றை மேலும் கீழும் தள்ள வேண்டும். எத்தனை வட்டுகள், எவ்வளவு நினைவகம், திரை கலரா கறுப்பு வெள்ளையா, கணக்குப் போடுகிற துணைச் சில்லு உண்டா இல்லையா என்பதெல்லாம் அந்தப் பதினாறு ஸ்விட்சுகளின் வழியாகத்தான் பயாஸுக்குத் தெரியும். கண்ணாடி போட்டவர்கள் பாடு திண்டாட்டமாகத்தான் இருந்திருக்கும்.

இனி கதையின் முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். பெட்டி பிரமாதமாக விற்றது. கடையில் வாங்கிய சாமான்களை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆகவே அதே போன்ற பெட்டியைச் செய்யப் பலருக்கும் ஆசை பிறந்தது. நடுவே நின்ற காவற்காரன் அந்த 8 கிலோபைட் பயாஸ். இதில் ஒரு வேடிக்கை. ஐ.பி.எம். அதை ஒளித்து வைக்கவில்லை. தொழில் விவரப் புத்தகம் ஒன்று போட்டு, பயாஸின் ஒவ்வொரு வரியையும் விளக்கத்தோடு அச்சிட்டு விலைக்கு விற்றது. தாராள குணம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிட வேண்டாம். கதவைத் திறந்து போட்டுவிட்டு, வாசலில் மாவைத் தூவி வைத்த மாதிரி அது. உள்ளே வந்தவனின் காலடி பதிந்துவிடும். புத்தகத்தைப் படித்தவன் பிறகு தானாக ஒரு பயாஸ் எழுதினாலும், 'எங்களுடையதைப் பார்த்துத்தான் எழுதினாய்' என்று கோர்ட்டுக்கு இழுக்கலாம். எண்ணியே செய்தார்களா என்று என்னைக் கேட்டால், எண்ணாமல் செய்திருந்தாலும் பலன் அதுதான் என்பேன்.

1982-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியை விட்டு விலகிய ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் மர்ட்டோ என்ற மூவர் ஹூஸ்டன் நகரத்தில் ஒரு பலகாரக் கடையில் உட்கார்ந்து, தட்டுக்கு அடியில் போடுகிற காகிதத்தில் ஒரு பெட்டியின் படத்தை வரைந்தார்கள். கையில் தூக்கிச் செல்லக்கூடிய கம்ப்யூட்டர். காம்பாக் கம்பெனி அப்படித்தான் பிறந்தது. ஐ.பி.எம். பெட்டியில் ஓடுகிற நிரல் எல்லாம் தங்கள் பெட்டியிலும் ஓட வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். அப்படியானால் பயாஸ் மயிரிழையும் பிசகாமல் அதே போல நடந்துகொள்ள வேண்டும். ஆனால் ஒரு வரி கூட அதைப் பார்த்து எழுதியதாக இருக்கக் கூடாது. சட்டம் பாதுகாப்பது எழுத்தைத்தான், அந்த எழுத்து செய்கிற காரியத்தை அல்ல. இராமாயணத்தைக் கேட்டவர்கள் எல்லோரும் அவரவர் வாக்கில் அதைச் சொல்லலாம்; கம்பனின் பாட்டை எடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது அல்லவா?

அதற்காக ஆட்களை இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார்கள். முதல் கோஷ்டி ஐ.பி.எம். புத்தகத்தைக் கரைத்துக் குடித்து, பயாஸ் இன்ன கேள்விக்கு இன்ன பதில் சொல்லும் என்று மட்டும் எழுதிக் கொடுக்கும். எப்படிச் சொல்லும் என்று எழுதக் கூடாது. இரண்டாவது கோஷ்டி அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டிராதவர்கள். அவர்கள் குறிப்பை வைத்துக்கொண்டு சொந்தமாக எழுதுவார்கள். எழுதியது ஒத்துவரவில்லையானால், 'இந்த இடத்தில் பதில் தப்பாக வருகிறது' என்கிற அளவோடு செய்தி திரும்பும். இரண்டு கோஷ்டிக்கும் நடுவில் ஒரு சுவர். காகிதம் போகலாம், பேச்சு போகக் கூடாது. பிற்காலத்தில் யாராவது நீதிபதி கேட்டால் காட்டுவதற்கு ஒவ்வொரு காகிதமும் பத்திரமாக இருக்க வேண்டும். பத்து லட்சம் டாலர் செலவாயிற்று என்று சொல்வார்கள். 8 கிலோபைட்டுக்கு!

பயனில்லாமல் போகவில்லை. பெட்டி 1983-இல் விற்பனைக்கு வந்தது. 'கையில் தூக்கிச் செல்லலாம்' என்று பெயர்தான். எடை 28 பவுண்டு, அதாவது சுமார் 12.7 கிலோ. இருந்தும் முதல் வருஷத்திலேயே 53,000 பெட்டிகள் விற்று, 11 கோடியே 10 லட்சம் டாலர் வரவு. அதே 1983 ஆகஸ்டில் ஆப்பிள் கம்பெனி தன் சில்லில் இருந்த நிரல்களை நகல் செய்த பிராங்க்ளின் என்ற கம்பெனி மேல் போட்ட வழக்கில், அழியாத சில்லில் எழுதியதும் எழுத்துத்தான், அதற்கும் உரிமை உண்டு என்று அமெரிக்க அப்பீல் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. சுவர் கட்டியவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். 1984-இல் கொரோனா, ஈகிள் என்ற இரண்டு கம்பெனிகள் ஐ.பி.எம்.மின் வழக்குக்கு ஆளாகி ராஜியாகப் போக வேண்டியிருந்தது.

அதே வருஷம் பீனிக்ஸ் என்ற கம்பெனி இன்னொரு படி மேலே போயிற்று. அதுவும் சுவர் கட்டித்தான் பயாஸ் எழுதியது. ஆனால் எழுதுவதற்கு அவர்கள் தேடிப் பிடித்த ஆள், இன்டெல் சில்லுக்கு அதுவரை ஒரு வரி கூட எழுதியிராதவர். வேலைக்கு ஆள் எடுக்கும்போது அனுபவம் வேண்டும் என்பார்கள். அனுபவமின்மையையே தகுதியாகக் கொண்டு ஆள் எடுத்தது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். காம்பாக் தனக்காக எழுதியதைப் பீனிக்ஸ் கேட்டவர்களுக்கெல்லாம் விற்றது. அதற்கப்புறம் கம்ப்யூட்டர் செய்ய ஒரு மேஜையும் ஸ்குரூ டிரைவரும் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. தைவானில் செய்தார்கள், டெக்சாஸில் செய்தார்கள், நம் ஊர்களில் மாடிப்படிக்குக் கீழே இருந்த கடைகளிலும் செய்தார்கள். நம் பக்கத்து மத்தியதர வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்ததற்கு அந்தச் சுவர் ஒரு காரணம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

1984-இல் ஐ.பி.எம். போட்ட ஏ.டி. பெட்டியில் ஸ்விட்சுகளுக்குப் பெரும்பாலும் விடுமுறை கிடைத்தது. பதிலுக்கு, பாட்டரியினால் உயிர் பிழைத்திருக்கும் ஒரு கடிகாரச் சில்லு. அதில் 64 எழுத்துக்கு இடம். 14 கடிகாரத்துக்கு, மீதி 50 பெட்டியின் அமைப்புகளைக் குறித்து வைக்க. முதலில் அதில் எழுதுவதற்கு ஒரு தனி வட்டைப் போட வேண்டியிருந்தது. பிறகு வந்தவர்கள் அந்தப் பட்டியலைப் பயாஸுக்குள்ளேயே சேர்த்தார்கள். பெட்டி விழிக்கும்போது டெலிட் விசையைத் தட்டினால், நீலத் திரையில் எல்லாம் வரிசையாக நிற்கும். இதில் பேர் பெற்றது அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ். 1985-இல் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் சுப்பிரமணியன் சங்கர் என்ற இந்தியர். சென்னையிலும் அந்தக் கம்பெனிக்கு ஆபீஸ் உண்டு.

என்னிடம் இருந்த ஒரு பழைய பெட்டி ஒரு நாள் காலையில், தேதி 1980 ஜனவரி 1 என்று சாதித்தது. ரிப்பேர் செய்கிற பையனைக் கூப்பிட்டேன். அவன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லை சார், சிமோஸ் பாட்டரி தீர்ந்துபோச்சு. இது போனா அதுக்கு முந்தா நாள் நடந்தது ஞாபகம் இருக்காது" என்றான். சட்டைப் பையிலிருந்து எட்டணா அகலத்தில் ஒரு பொத்தான் பாட்டரியை எடுத்துப் போட்டான். 'முந்தா நாள்' என்றானே, எவ்வளவு சரியான வார்த்தை!

விரிவாக்க அட்டைகள் ஒரே குறுக்கீட்டுக் கம்பிக்குச் சண்டை போட்ட கதைகளை விட்டுவிடுகிறேன். 1995-க்குப் பிறகு யந்திரங்களே தங்களுக்குள் பாகப்பிரிவினை செய்துகொள்ளக் கற்றுக்கொண்டன. ஆனால் 1999 ஏப்ரல் 26-ஐ விட முடியாது. முன்காலத்துச் சில்லைச் சுலபத்தில் திருத்தி எழுத முடியாது. தொண்ணூறுகளில் வந்த சில்லை இருந்த இடத்திலேயே அழித்து எழுதலாம், சௌகரியந்தான். தைவானில் சென் இங்-ஹாவ் என்ற கல்லூரி மாணவர் 1998-இல் எழுதிவிட்ட சி.ஐ.எச். என்ற வைரஸ் அந்தச் சௌகரியத்தைப் பிடித்துக்கொண்டது. குறித்த நாளில் வட்டின் முற்பகுதியை அழித்தது. சிலவகைப் பெட்டிகளில் பயாஸையே குப்பையால் நிரப்பியது. வட்டு அழிந்தால் வேறு வட்டுப் போடலாம். கணக்குப்பிள்ளையே செத்துப்போனால் யாரை எழுப்புவது? சில்லைப் பிடுங்கி மாற்றினால்தான் உண்டு. கொரியாவிலும் துருக்கியிலும் ஏராளமான பெட்டிகள் அன்று காலை விழிக்கவில்லை.

பழைய பயாஸுக்கு வேறு வியாதிகளும் இருந்தன. 1981-இன் சில்லுக்குத் தைத்த சட்டை அது; ஒரு மெகாபைட் அறைக்குள் முழங்கையை மடக்கிக்கொண்டே வேலை செய்தது. அதை ஒட்டி வந்த வட்டுப் பிரிவினை முறைக்கோ இரண்டு டெராபைட்டுக்கு மேல் வட்டு இருந்தால் எட்டாது. தொண்ணூறுகளின் இறுதியில் இன்டெல் வேறொன்றை எழுத ஆரம்பித்தது. 2005-இல் பல கம்பெனிகள் கூடி அதைப் பொதுவாக்கின. யு.ஈ.எப்.ஐ. என்பது அதன் பெயர். இப்போது அமைப்புத் திரையில் படங்கள் இருக்கின்றன, மவுஸ் ஓடுகிறது.

அதோடு ஒரு பூட்டும் வந்தது. 2012-இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது, முத்திரை குத்தப்பட்ட நிரலைத் தவிர வேறு எதையும் எழுப்பாதே என்று பெட்டிக்குக் கட்டளையிடும் ஏற்பாடு பரவலாயிற்று. திருட்டு நிரல்களைத் தடுக்க நல்ல காவல்தான். ஆனால் முத்திரைக் கட்டை யார் கையில்? பெரும்பாலும் மைக்ரோசாப்டின் கையில். லினக்ஸ்காரர்கள் கூச்சல் போட்டார்கள். அவர்கள் பக்கம்தான் எனக்கு அனுதாபம். காசு கொடுத்து வாங்கிய வீட்டுக்குள் யார் வரலாம் என்று கட்டிக்கொடுத்த மேஸ்திரி சொல்வதா? கடைசியில், சாதாரண மேஜைக் கம்ப்யூட்டர்களில் உரியவர் விரும்பினால் அந்தப் பூட்டைக் கழற்ற வழி இருக்க வேண்டும் என்று மைக்ரோசாப்டே விதி செய்தது. கைப்பலகை மாதிரியான வேறு ஜாதிச் சில்லுள்ள யந்திரங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பிறகு விண்டோஸ் 10 வந்தபோது, அந்த வழியை வைப்பதும் வைக்காததும் பெட்டி செய்கிறவர் இஷ்டம் என்று விதியைத் தளர்த்திவிட்டார்கள். கழற்ற வழி உள்ள பெட்டிகளில் அந்த வரி அமைப்புத் திரையில் எங்கேயோ நாலாவது பக்கத்தில் ஒளிந்திருக்கும். போய்ச் சேருவதற்கு, பெட்டி விழிக்கும் அந்த விநாடிகளுக்குள் இப்போதும் பல பெட்டிகளில் டெலிட் விசையைத்தான் தட்ட வேண்டும்.