பதக்கத்தின் விளிம்பில் ஒரு பெயர்

வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டிலுள்ள கல்வெட்டை வாசித்திருக்கிறீர்களா? 1914-18 பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவர்களில் 14 பேர் உயிர்நீத்தனர் என்கிறது அது. அந்தப் பதினால்வரின் பெயர்கள் அதில் இல்லை.

பஸராவிலும் இதே கதைதான். இராக் போர்முனையில் மடிந்த ஆங்கிலேயச் சிப்பாய்களின் பெயர்கள் அங்குள்ள நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையாயினர். இந்தப் பாரபட்சத்தைக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டது. (முஸ்லிம் சிப்பாய்கள் உஸ்மானியப் படைக்கு எதிரே நிறுத்தப்பட்ட வேதனை தனி வரலாறு.)

உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டனாரின் பதக்கம் கிடக்கிறதா? முகப்பை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள். அக்காலப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் படை எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். வெண்கலமாயிற்றே என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சிப்பாய்க்கு வெள்ளி, படையோடு சென்ற தொழிலாளிக்கு வெண்கலம் என்று அரசு பிரித்தது. சிலவற்றில் 'கூலி' என்ற சொல்லே பதவியாக இருக்கும். அவரும் கடல் கடந்தவரே.

போரில் மடிந்தவராயின் ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடுங்கள். பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் உண்டு. ஆனால் மாவட்டம் வேலூர் அல்ல, வட ஆர்க்காடு. வாணியம்பாடியோ 1911 வரை சேலம் மாவட்டம். முஹம்மது என்ற ஒரே பெயரை எழுத்தர்கள் ஆங்கிலத்தில் பல விதமாக எழுதினர். எல்லா விதத்திலும் தேடுங்கள்.

சுதந்திரத்திற்குப் பின் பணியாற்றியவராயின், வாரிசு என்ற முறையில் அவரது படைப்பிரிவின் ஆவண அலுவலகத்திற்கு எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. கடிதத்தில் படை எண்ணை மறவாதீர்கள்.