தகர டிக்கெட்டும் கண்டி ஏஜெண்டும்

திருச்சி என்றால் மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம் என்றால் ரெங்கநாதர். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த சிலோன் லேபர் கமிஷன் 1904இல் இதே திருச்சியில்தான் தொடங்கியது என்பதை இங்கே யாரும் பேசுவதில்லை. பெயரைப் பார்த்து அரசாங்க அமைப்பு என்று நினைக்க வேண்டாம். அது தோட்ட முதலாளிகளுடையது. கங்காணி கூட்டிவரும் ஒவ்வொரு ஆளுக்கும் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர டிக்கெட் உண்டு. அதைக் காட்டினால் வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். பக்காவான சிஸ்டம்தான். ஆனா பாதுகாத்தது முதலாளி போட்ட பணத்தை, ஆளை இல்லை.

ஆளுக்காகப் பேச அதிகாரி வந்தது 1922 குடிபெயர்வுச் சட்டத்துக்கு அப்புறம்தான்: கண்டியில் இந்திய அரசின் ஏஜெண்ட். பின்னாளில் வெளியுறவுச் செயலரான கே.பி.எஸ். மேனனும் இந்தப் பதவியில் இருந்தவர். ஏஜெண்ட் புகார் கேட்கலாம், அறிக்கை எழுதலாம். தோட்டத்து துரைக்கு அபராதம் போட முடியாது. வெத்து ஆலோசகர் பதவி என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆள் அனுப்புவதையே நிறுத்தும் அதிகாரம் இந்திய அரசிடம் இருந்தது, அது துரைகளுக்கும் தெரியும். இரு அரசுகளும் பேசித்தான் 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது.

1939 ஆகஸ்டில் நிஜமாகவே நிறுத்தினார்கள். அதில் மாட்டிக்கொண்டவர்களும் தோட்டத்து சனங்களே. ஊரைப் பார்க்க வந்தால் திரும்பிப் போக முடியுமா என்ற பயம்.